நாய்க்குட்டி தண்ணீரைக் கொட்டுவது ஏன்?

நாய்க்குட்டி தண்ணீர் குடிப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீருக்குள் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து, குழி பறிப்பதுபோல் பரபரவென்று தோண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நாலாபுறமும் சிதறும். பாத்திரம் கவிழும். குட்டி அந்த ஈரத்திலேயே வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கோபம் வரும். குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு பாடமாக முடிந்தது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் குடியிருப்பது கோவையில், வடவள்ளிப் பக்கம். சென்ற ஆண்டு கோடையில் பக்கத்து வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். இரண்டுக்கும் வயது நான்கு மாதம். எடை ஆளுக்கு ஏறத்தாழ 10 கிலோ. ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் நிறம். உடம்பெல்லாம் பஞ்சுப் பொதிபோல் முடி. ஆம், அவை சைபீரிய ஹஸ்கி நாய்க்குட்டிகள்!

வந்த நாள் முதல் அவற்றுக்கு ஒரே விளையாட்டுத்தான். தண்ணீர் வைத்த வாயகன்ற அலுமினியக் குண்டாவுக்குள் கால்களை விட்டுத் தோண்டுவது. பிறகு குண்டாவைக் கவிழ்ப்பது. அந்த வீட்டு அம்மா ஒருநாள் மதில் ஓரமாக நின்று என்னிடம் முறையிட்டார்.

“ஏனுங்க சார், காலேஜுல பிசிக்ஸ் சொல்லித் தர்றீங்க. இதுக்கு ஒரு வழி சொல்லக்கூடாதுங்களா? பத்துத் தடவை வெச்சாப் பத்துத் தடவையும் கொட்டிப்போடுதுங்க. அத்தனையும் சிறுவாணித் தண்ணிங்க!”

எனக்கு உற்சாகம் பிறந்தது. இது நிலையியல் கணக்கு அல்லவா? ஒரு பாத்திரம் கவிழாமல் இருக்க வேண்டுமானால் அதன் அடி அகலமாக இருக்க வேண்டும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்க வேண்டும். எடை கூடுதலாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த கனத்த பித்தளைப் போசி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அகன்ற அடி, குறுகிய வாய். குட்டியின் மூஞ்சி நுழையும். ஆனால் இரண்டு கால்களையும் உள்ளே விட்டுத் தோண்ட முடியாது. குட்டிகள் இரண்டும் போசியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அசைக்க முடியவில்லை. தரை காய்ந்து கிடந்தது. அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கோ பெருமை!

அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பிச்சி பல்லடம் பக்கத்தில் தோட்டங்காட்டில் இருப்பவர். பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். போசியைப் பார்த்துவிட்டு, “நம்ம தோட்டத்து நாயி மத்தியான வெயிலுக்கு மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல சேத்துலதானுங்க படுத்துக் கிடக்கும். அது விளையாட்டுக்குப் பண்றதில்லீங்க” என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் நடந்தது

மே மாதத்தில் ஒருநாள். முந்தின இரவு கோடை மழை பெய்திருந்தது. வானம் மூடம் போட்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கு வரும் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. மாடியில் நான் தொங்கவிட்டிருக்கும் வெப்பமானி 32 டிகிரி செல்சியஸ் காட்டியது. முந்தின வாரம் 36 டிகிரி இருந்தது. ‘இன்று பரவாயில்லை, தணிந்துவிட்டது’ என்று எண்ணிக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பெண் மதில் அருகே நின்று கூப்பிட்டாள். “மாமா, சீக்கிரம் வாங்க! கறுப்புக்குட்டி எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க!”

ஓடிச்சென்று பார்த்தேன். பெரியவர்கள் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார்கள். குட்டிகள் முன்னறையில் விடப்பட்டிருந்தன. சன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போசியில் தண்ணீரும் இருந்தது. ஆனாலும் கறுப்புக் குட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நாக்கு செக்கச் செவேலென்று வெளியே நீண்டு தரையில் கிடந்தது. மூச்சு மிக வேகமாக இரைத்தது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது.

நான் என் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அதற்குள் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் குழாயடியில் கிடத்தி, வயிறும் தொடைகளும் கால்களும் நனையும்படி தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஓர் அட்டையை எடுத்து விசிறவும் தொடங்கினாள். சில நிமிடங்கள் கழித்துக் குட்டியை அப்படியே ஈரத்தோடு வண்டியில் ஏற்றி, சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நனைத்த பிறகும் 41 டிகிரி இருந்தது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி வரைதான். 41 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் நீடித்தால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாமே பழுதாகும், உயிரும் போகும். மருத்துவர் மேலும் நனைத்தார். சிரை வழியாக நீர்மம் ஏற்றினார். மாலைக்குள் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. பிழைத்துக்கொண்டது!

எங்களிடம் அவர் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, அந்தப் பெண் உடனே நனைத்ததுதான் குட்டியைக் காப்பாற்றியது என்பது. மற்றது எனக்கானது. “வீட்ல தண்ணியில விளையாடுமுங்களா?” என்று கேட்டார். நான் பித்தளைப் போசியின் கதையைச் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்து, “சார், அதுக்கு அது ஒண்ணுதானுங்களே வேர்வை!” என்றார்.

போசி ஒன்றுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. சாத்திய அறையும் புழுக்கமும் பெரிய காரணங்கள். ஆனால் குட்டிக்குத் திறந்திருந்த வாசல்களில் ஒன்றை அடைத்தவன் நான். நிலையியல் கணக்கைச் சரியாகப் போட்டேன். வெப்பக் கணக்கைப் போட மறந்துவிட்டேன். அதை இப்போது போட்டுப் பார்ப்போமா?

உடம்பு ஓர் அடுப்பு

உயிருள்ள உடம்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஓர் அடுப்பு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. வளரும் குட்டி ஏறக்குறைய இருமடங்கு உண்டாக்கும். அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோகலோரி.

ஒரு கிலோ உடல் திசுவின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.83 கிலோகலோரி வேண்டும். எனவே 10 கிலோ குட்டியின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 8.3 கிலோகலோரி போதும். இப்போது வகுத்துப் பாருங்கள். உண்டாகும் வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், குட்டியின் உடல் ஒரு மணி நேரத்தில் 4 டிகிரி சூடாகிவிடும்! 38.5 டிகிரியில் தொடங்கினால் 42.5 டிகிரி. வெயிலில் அடித்துப் புரட்டி ஓட வேண்டியதில்லை. சும்மா படுத்திருந்தாலே இந்த நிலைதான். இது தோராயமான கணக்கு. ஆயினும் வெப்பம் வெளியேறும் வழி எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

நமக்கு அந்த வழி எளிது. உடம்பு முழுவதும் வியர்க்கிறோம். நாய்க்கு அப்படி இல்லை. வெப்பத்தைத் தணிக்கும் வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பாதங்களின் மெத்தைப் பகுதியில்தான் உள்ளன. மருத்துவரின் எஃகு மேசைமீது குட்டி எழுந்து நின்றபோது நான்கு சிறிய ஈரத் தடங்கள் பதிந்திருந்ததைப் பின்னர் கவனித்தேன். 10 கிலோ உடம்புக்கு அந்த நான்கு தடங்களின் வியர்வை எந்த மூலைக்கு?

மின்விசிறி ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் தோலில் இருக்கும் வியர்வையை விரைவாக ஆவியாக்குகிறது. அதனால்தான் நமக்குக் குளிர்கிறது. உலர்ந்த முடிமீது வீசும் 32 டிகிரிக் காற்று அதிகமாக எதையும் சாதிக்காது.

பனிநாட்டுப் போர்வை

ஹஸ்கியின் முடியில் இரண்டு அடுக்குகள் உண்டு. உள்ளே பஞ்சுபோன்ற அடர்ந்த மென்முடி. அதன்மேல் நீண்ட வெளிமுடி. மென்முடிகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று மிகச் சிறந்த வெப்பக் காப்பான். கம்பளி கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.

இந்த நாய்களை வளர்த்தெடுத்தவர்கள் வடகிழக்குச் சைபீரியாவில் வாழும் சுக்சி மக்கள். பனிமீது சறுக்கு வண்டிகளை இழுப்பதற்காக வளர்த்தார்கள். அங்கே குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30, 40 டிகிரி என்பது சாதாரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினம் அலாஸ்காவுக்குச் சென்றது. 1925-ஆம் ஆண்டில் அங்குள்ள நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அதற்கான மருந்தை நெனானா என்னும் ஊரிலிருந்து 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு 20 வண்டி ஓட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, நாய் வண்டிகளிலேயே ஐந்தரை நாட்களில் கொண்டுசேர்த்தார்கள். டோகோ, பால்டோ என்ற இரு நாய்கள் அந்த ஓட்டத்தால் உலகப் புகழ் பெற்றன.

அந்த ஓட்டத்தில் உயிர் காத்த போர்வை, கோவையின் மே மாதத்தில் கழற்ற முடியாத கம்பளியாகிவிடுகிறது. நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பாருங்கள். முடி குட்டை, உடல் ஒல்லி, கால்கள் நீளம். எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம். வெப்பம் எளிதில் வெளியேறும். நம் மண்ணின் வெயில் செதுக்கிய உடம்பு அது!

‘அப்படியானால் ஹஸ்கியின் முடியை மழித்துவிடலாமே’ என்று கேட்பீர்கள். மழிக்கக் கூடாது. நேர் வெயில் தோலைச் சுடாமல் தடுப்பதும் அதே முடிதான். ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து வைப்பார்கள் அல்லவா? காப்பான் இருபுறமும் வேலை செய்யும். உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுப்பதே சரியான முறை.

ஒரு கரண்டி நீரின் வலிமை

வியர்வை இல்லாத நாய் என்ன செய்கிறது? நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாக்கு, வாய், மூக்கு ஆகியவற்றின் ஈரப்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது.

உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி உள்ளுறை வெப்பம் தேவை. அந்த வெப்பம் உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் குட்டியின் வெப்பநிலையை 1 டிகிரி குறைக்க 8,300 கலோரி வெளியேற வேண்டும். 8,300-ஐ 580-ஆல் வகுத்தால் 14 கிராம். ஒரு மேசைக்கரண்டி நீர்! அந்த 14 கிராம் நீரை 28 டிகிரியில் குடித்தால் அது உடல் சூட்டுக்கு வருவதற்கு 140 கலோரியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆவியானால் அதைப்போல் 59 மடங்கு எடுக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் இரகசியமும் இதுவே.

ஓய்வாக இருக்கும் நாய் நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும். இரைக்கும்போது 300 முறைக்கு மேல் போகும். இவ்வளவு வேகமாக மார்பை அசைத்தால் அந்த உழைப்பாலேயே உடம்பு சூடாகாதா? நல்ல கேள்வி. இதற்கு விடை ஊஞ்சலில் இருக்கிறது. ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்துக்கு இசைந்து தள்ளினால் சிறு விரல் போதும். நாயின் மார்புக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஒரு சுருள்வில்லைப் போல் நடந்துகொள்கின்றன. அதற்கு ஓர் இயல் அதிர்வெண் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 5. நாய் இரைப்பதும் அதே வேகத்தில்தான் என்பதை 1962-இல் கிராஃபோர்டு என்னும் ஆய்வாளர் காட்டினார். நீங்கள் பாடத்தில் படிக்கும் ஒத்ததிர்வுதான் இது! 1970-இல் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் மற்றொன்றைக் கண்டார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கின் வழியாகக் காற்றை இழுத்து, வாயின் வழியாக வெளியேற்றுகிறது. இதனால் சூடான ஈரக் காற்று மீண்டும் மூக்குக்குள் திரும்பி வெப்பத்தை விட்டுவிடாமல் வெளியே போய்விடுகிறது.

இத்தனை அருமையான பொறி இருந்தும் அன்று குட்டி ஏன் விழுந்தது?

32 டிகிரி 36 டிகிரியைவிடக் கொடியதா?

ஆம். அன்று அப்படித்தான். காரணம் காற்றிலிருந்த ஈரம்.

நாய் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ உடல் சூட்டில், ஈரம் நிறைந்ததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 38 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிக அளவாக 46 கிராம் நீராவியைத் தாங்கும். முந்தின வாரம் வெப்பநிலை 36 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் சுமார் 30 சதவீதம். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 12 கிராம் நீராவிதான் இருந்தது. எனவே நாய் தன் உடம்பிலிருந்து 34 கிராம் நீரை அதில் ஏற்றி அனுப்ப முடிந்தது. மழைக்கு மறுநாள் 32 டிகிரி. ஈரப்பதம் சுமார் 80 சதவீதம். காற்றில் முன்பே 27 கிராம் இருந்தது. ஏற்றக்கூடியது 19 கிராம் மட்டுமே! அதே இரைப்புக்குக் கிடைத்த குளிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

என் மாடியில் இரண்டு வெப்பமானிகள் உள்ளன. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். முந்தின வாரம் ஈரக்குமிழ் 23 டிகிரி காட்டியது. அன்று அது 29 டிகிரி. நான் உலர்குமிழை மட்டும் பார்த்துவிட்டு ‘தணிந்துவிட்டது’ என்று மகிழ்ந்தேன். நாயின் உடம்புக்குத் தெரிந்ததோ ஈரக்குமிழின் கணக்கு. சன்னல் சாத்திய அறையில் இரண்டு குட்டிகள் மணிக்கணக்காக இரைத்தால் அறைக் காற்று இன்னும் ஈரமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குண்டாவுக்குள் மூன்று வேலைகள்

இப்போது அந்த அலுமினியக் குண்டாவுக்கு வருவோம். தண்ணீரில் காலை வைத்துத் தோண்டும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, வெப்பக் கடத்தல். நீர் அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நாயின் பாதத்தில் கம்பளி முடி இல்லை. இரத்தக் குழாய்கள் வலைபோல் நிறைந்துள்ளன. பனிக்கட்டிமீது நிற்கும்போது பாதத்துக்கு வரும் சூடான இரத்தம், திரும்பிப் போகும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடும்படி அவை அமைந்துள்ளன என்பதை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கோடையிலோ அந்தப் பாதமே வெப்பம் வெளியேறும் வாசல். குண்டாவிலுள்ள ஒரு லிட்டர் நீர் 5 டிகிரி சூடானால் 5 கிலோகலோரியை வாங்கிக்கொண்டது என்று பொருள். குட்டியின் உடம்புக்கு அது 0.6 டிகிரிக்குச் சமம்.

இரண்டாவது, கலக்குதல். அசையாமல் காலை வைத்திருந்தால் காலைச் சுற்றியுள்ள நீர் மட்டும் சூடாகி ஒரு போர்வைபோல் நிற்கும். தோண்டும்போது அந்தப் போர்வை கலைகிறது. புதிய குளிர்ந்த நீர் காலைத் தொடுகிறது. சூடான காபியை டபராவில் ஆற்றுவதுபோல, குட்டி தன் காலை ஆற்றுகிறது!

மூன்றாவது, பரப்புதல். இதுதான் கொட்டுவதன் பயன். குண்டாவின் வாய் 25 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 490 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு லிட்டர் நீர் தரையில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரவினால் 10,000 சதுர சென்டிமீட்டர். 20 மடங்கு! ஆவியாதலும் அதற்கேற்பப் பெருகும். தரை குளிரும். முடி குறைந்த வயிற்றையும் தொடைகளையும் அந்த ஈரத்தில் பரப்பிப் படுத்தால் தரை வெப்பத்தை உறிஞ்சும். நனைந்த வயிற்றிலிருந்தும் நீர் ஆவியாகும். இப்போதுதான் மின்விசிறிக்கு வேலை வருகிறது. வியர்வை இல்லாத நாய் தனக்கு வேண்டிய வியர்வையைக் குண்டாவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாலையில் நாம் வாசலில் நீர் தெளித்துவிட்டு உட்காருகிறோமே, அதுவும் இதேதான். பல்லடத்துத் தோட்டத்து நாய் சேற்றில் படுப்பதும் இதேதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குட்டி இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டுத் தோண்டுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். நீரில் மின்னும் ஒளி, ஓடும் அலை, ‘சளப்’ என்ற ஓசை இவையெல்லாம் குட்டிக்கு விளையாட்டுத்தான். மண்ணையும் பனியையும் தோண்டும் பழக்கம் அதன் பிறவிக் குணம். குளிர்ந்த நாளிலும் அது தோண்டும். ஆனால் வெப்பமான நாளில் அந்த விளையாட்டு அதன் உடம்புக்கு இதமாகிறது. இதமானதை அது திரும்பத் திரும்பச் செய்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவாக 100 மில்லிலிட்டர் நீரை ஒரு டம்ளரிலும் ஓர் அகன்ற தட்டிலும் ஊற்றுங்கள். இரண்டையும் மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு மீதியை அளந்து பாருங்கள். எதில் அதிகம் குறைந்திருக்கிறது?

ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரப்பஞ்சைச் சுற்றுங்கள். சாதாரண வெப்பமானி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, வெயில் நாளிலும் மழைக்கு மறுநாளும் இரண்டின் வேறுபாட்டையும் குறித்து வாருங்கள். வேறுபாடு குறையும் நாளே புழுக்கமான நாள்.

ஒரு வாளித் தண்ணீரில் இரு கைகளையும் விடுங்கள். ஒன்றை அசைக்காமல் வைத்து மற்றதைக் கலக்குங்கள். எந்தக் கை அதிகக் குளிர்ச்சியை உணர்கிறது?

வீட்டில் நாய் இருந்தால்

குடிக்கும் நீரை ஒரு பாத்திரத்திலும், கால் நனைக்கும் நீரை ஓர் அகன்ற, ஆழமில்லாத தட்டிலும் தனித்தனியே நிழலில் வையுங்கள். நீரை அடிக்கடி மாற்றுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பும், வெயில் தாழ்ந்த பின்பும் மட்டுமே ஓடவிடுங்கள். மழைக்குப் பிந்தைய புழுக்க நாளில் கூடுதல் கவனம் வேண்டும். நிறுத்திய காருக்குள் நாயை ஒருபோதும் விட்டுச் செல்லக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடும்.

நாய் தள்ளாடினால், விழுந்தால், இரைப்பு நிற்காவிட்டால், முதலில் நனையுங்கள். பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். நனைத்த உடம்பில் காற்றுப் படட்டும். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். அது சிறிது நேரத்தில் சூடாகி ஆவியாதலைத் தடுக்கும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீரை ஊற்றவும் கூடாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பனிநாட்டு நாயை நம் ஊரில் வளர்க்கத்தான் வேண்டுமா? 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் சைபீரிய ஹஸ்கியையும் சேர்த்திருந்தது. அழகு கருதி நாய் வாங்க நினைக்கும் பெரியவர்களிடம், நீங்கள் படித்த வெப்பக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். முன்பே வந்துவிட்ட குட்டிகளோ நம் பொறுப்பு. அவை இங்கு வரக் கேட்டுக்கொள்ளவில்லை.

பித்தளைப் போசி மீண்டும் எங்கள் பரணுக்கே போய்விட்டது. பக்கத்து வீட்டு வாசல் திண்ணை ஓரத்தில் இப்போது ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. நான்கு விரல் ஆழம். அளவு சொன்னது பல்லடத்து அப்பிச்சி. நான் சிமெண்டு குழைத்துக் கொடுத்ததோடு சரி. குட்டிகள் இரண்டும் வளர்ந்துவிட்டன. ஆனாலும் பிற்பகலானால் தொட்டியில் இறங்கித் தோண்டுகின்றன. தண்ணீர் மதில் தாண்டி என் புத்தகத்தின்மீதும் தெறிக்கிறது. அந்த அம்மா இப்போது முறையிடுவதில்லை. தொட்டியில் வழியும் நீர் செம்பருத்திச் செடிக்குப் போகும்படி ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்.